மெல்பர்ன் அலுவலகத்தில் இரண்டு மாசிடோனியர்கள்: யார் சொல்வது சரி?

மெல்பர்னில் உங்களோடு வேலை பார்க்கும் இருவரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஒருவர் வீட்டில் கிரேக்கம் பேசுகிறவர், மற்றவர் ஒரு ஸ்லாவிய மொழி பேசுகிறவர். இருவருமே "நான் மாசிடோனியன்" என்கிறார்கள். ஒருவர் அப்படிச் சொன்னால் மற்றவருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. "இவர்களில் யார் உண்மையான மாசிடோனியர், அலெக்சாண்டரின் வாரிசு யார்?" என்பது உங்கள் கேள்வி. இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அலெக்சாண்டரின் மக்கள் யார் என்பது வரலாற்றுக் கேள்வி. அதற்கு ஓரளவு உறுதியாகப் பதில் சொல்லலாம். இன்றைக்கு அந்தப் பெயரை வைத்துக்கொள்ளும் உரிமை யாருக்கு என்பது வேறு வகைக் கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் கிடைத்தால் இரண்டாவதும் தீர்ந்தது என்று இரு தரப்பும் நம்புவதுதான் கோளாறு.

கல்லூரியில் ஐரோப்பிய வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். துருக்கிய ஒட்டோமான் ஆட்சியின் கடைசி ஐம்பது ஆண்டுகளில் தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதி எப்படி இருந்தது என்பதுதான் என் ஆய்வு. அதனால் 19ஆம் நூற்றாண்டைப் பற்றித் தைரியமாகப் பேசுவேன். பண்டைக் காலத்தைப் பற்றிச் சொல்வதெல்லாம் தொல்லியலாளர்களும் மொழியியலாளர்களும் எழுதியதைப் படித்துச் சொல்வது. அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தமிழில் பைபிள் படித்தவர்களுக்கு இந்த இடம் மக்கெதோனியா. அங்கிருந்து ஒருவன் இரவுத் தரிசனத்தில் வந்து உதவிக்கு அழைத்தான் என்று பவுல் கடல் கடந்து போய்ச் சேர்ந்த பிலிப்பியும் தெசலோனிக்கேயும் அந்த மாகாணத்து ஊர்கள். பிலிப்பி என்பதே அலெக்சாண்டரின் அப்பா இரண்டாம் பிலிப் தன் பெயரால் வைத்த ஊர். பள்ளிப் பாடத்தில் படித்தவர்களுக்கு அதுவே மாசிடோனியா. இன்று அந்தப் பெயரில் வரைபடத்தில் காட்டப்படும் நிலப்பரப்பில் ஏறத்தாழப் பாதி கிரேக்க நாட்டுக்குள், தெசலோனிக்கி நகரைச் சுற்றி இருக்கிறது. அங்கே 20 லட்சம் பேருக்கு மேல் வசிக்கிறார்கள். மீதியில் பெரும்பகுதி வடக்கு மாசிடோனியா என்ற தனி நாடு. பத்தில் ஒரு பங்கு பல்கேரியாவின் தென்மேற்கு மூலையில் கிடக்கிறது. வடக்கு மாசிடோனியாவில் 2021 கணக்கெடுப்பின்படி சுமார் 18 லட்சம் பேர். அவர்களில் 58 சதவீதம் ஸ்லாவிய மாசிடோனியர், 24 சதவீதம் அல்பேனியர். பெயர்ச் சண்டையில் இந்த அல்பேனியர்களை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை.

இனி அலெக்சாண்டர் (கி.மு. 356–323). அவருடைய அரசவை எழுதியது கிரேக்கத்தில். அரசர்களின் பெயர்களும் அவர்கள் கும்பிட்ட தெய்வங்களும் கிரேக்கம். இதில் சந்தேகம் இல்லை. அவருக்கு முன்னோரான முதலாம் அலெக்சாண்டர் ஒலிம்பிக் ஓட்டத்துக்குப் போனபோது, "இவன் கிரேக்கன் அல்ல" என்று மற்றவர்கள் தடுத்தார்கள் என்றும், தன் குலம் கிரேக்க நகரான ஆர்கோஸிலிருந்து வந்தது என்று நிரூபித்து அவர் ஓடினார் என்றும் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். நூறு வருடம் கழித்து ஏதென்ஸின் டெமோஸ்தனிஸ், பிலிப்பைக் கிரேக்கனே அல்ல, காட்டுமிராண்டிகளிலும் மட்டமானவன் என்று மேடையில் திட்டுகிறார். இந்த இரண்டு மேற்கோள்களையும் இரு தரப்பும் ஒருவர் மேல் ஒருவர் எறிவதை இணையத்தில் பார்க்கலாம். டெமோஸ்தனிஸ் பேசியது தேர்தல் மேடைப் பேச்சு மாதிரி. எதிரியைப் பற்றி அரசியல்வாதி சொன்னதை மக்கள்தொகைக் கணக்கெடுப்பாக எடுத்துக்கொள்ள முடியாது.

எனக்கு இவற்றைவிடப் பெரிய சாட்சி ஒரு சாதாரணப் பெண்ணின் சூனியத் தகடு. 1986ல் பண்டை மாசிடோனியத் தலைநகரான பெல்லாவின் கல்லறை ஒன்றில் சுருட்டி வைத்த ஈயத் தகடு கிடைத்தது. கி.மு. நாலாம் நூற்றாண்டு. டியோனிசோஃபோன் என்பவனுக்கும் தெத்திமா என்பவளுக்கும் கல்யாணம் நடக்கக்கூடாது, அவன் என்னைத் தவிர யாரையும் கட்டக்கூடாது என்று ஒரு பெண் செத்தவர்களின் ஆவியிடம் முறையிட்டிருக்கிறாள். அரசவை எழுத்தர் என்றால் நாகரிகத்துக்காகக் கிரேக்கத்தில் எழுதினார் என்று சொல்லிவிடலாம். காதலில் தோற்று, பிணத்தோடு ரகசியமாகத் தகடு புதைக்கிறவள் எந்த மொழியில் எழுதுவாள்? அவள் எழுதியது கிரேக்கம். ஆனால் ஏதென்ஸ் கிரேக்கம் அல்ல, வடமேற்கு வட்டார வழக்கு. இதற்குப் பிறகு பண்டை மாசிடோனியப் பேச்சு கிரேக்கத்தின் ஒரு கிளைமொழி என்ற கருத்துக்கு வலு கூடியது. முழு உறுதி என்று மட்டும் சொல்லக்கூடாது. அந்தப் பேச்சில் நமக்குக் கிடைத்திருப்பது கொஞ்சம் சொற்களும் பெயர்களும்தான். கிரேக்கத்துக்கு நெருங்கிய தனிமொழி என்று வாதிடும் அறிஞர்களும் இருக்கிறார்கள். ஆனால் அது ஸ்லாவியம் அல்ல என்பதில் எந்த அறிஞருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஸ்லாவியர்கள் பால்கனுக்குள் வந்ததே கி.பி. 6, 7ஆம் நூற்றாண்டுகளில், அலெக்சாண்டர் இறந்து ஒன்பது நூற்றாண்டு கழித்து.

ஆக முதல் கேள்வியில் உங்கள் கிரேக்க நண்பர் பக்கம்தான் நியாயம். இதைச் சொன்னதும் பலர் "அப்படியானால் முடிந்தது, ஸ்லாவியர்கள் பெயரைத் திருடிவிட்டார்கள்" என்று எழுந்து போய்விடுவார்கள். கொஞ்சம் உட்காருங்கள். வந்தேறிகள் என்றாலும் அவர்கள் வந்து 1400 வருடம் ஆகிறது. ஸ்லாவிய எழுத்துக்கு வித்திட்ட சிரிலும் மெத்தோடியஸும் 9ஆம் நூற்றாண்டில் தெசலோனிக்கியில் பிறந்தவர்கள். அந்த ஊரார் எல்லோரும் சுத்தமாக ஸ்லாவியம் பேசுவார்கள் என்று பேரரசர் சொன்னதாக மெத்தோடியஸின் பழைய வரலாறு குறிக்கிறது. உலகத்தின் முதல் ஸ்லாவிய இலக்கிய மொழியே அந்த ஊரைச் சுற்றிய பேச்சிலிருந்து எழுந்தது. மரபணுச் சோதனை முடிவுகளை நீட்டுகிறவர்களும் உண்டு. நான் அதைப் படிப்பதை நிறுத்திவிட்டேன். வந்தவர்களும் இருந்தவர்களும் கலந்த மண் அது. உமிழ்நீரைப் பரிசோதித்து ஒரு பெயருக்குப் பட்டா வாங்க முடியாது.

பெயரும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. பைசாந்தியப் பேரரசில் 'மாசிடோனியா' என்ற நிர்வாக மாகாணம் இன்றைய துருக்கியின் எதிர்னே நகரைச் சுற்றி, அதாவது திரேஸில் இருந்தது. 867ல் அரியணை ஏறிய 'மாசிடோனிய வம்சம்' அந்த மாகாணத்துப் பெயரால் வந்தது. அதை நிறுவிய முதலாம் பசில் ஆர்மீனிய வழியில் வந்தவர் என்பார்கள். ஒட்டோமான்கள் காலத்தில் மாசிடோனியா என்ற மாகாணமே கிடையாது. செலானிக், மனாஸ்டிர், கொசோவோ என்று விலாயத்து எனப்படும் மூன்று மாகாணங்களாகப் பிரித்து நிர்வாகம் நடந்தது. பண்டைய நூல்களைப் படித்த ஐரோப்பியர்கள்தான் வரைபடத்தில் அந்தப் பெயரை மறுபடி எழுதிப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே யார் யார் இருந்தார்கள் என்றால் கிரேக்கர், ஸ்லாவியர், துருக்கியர், அல்பேனியர், ருமேனியத்துக்கு நெருங்கிய மொழி பேசும் விளாக்கர், யூதர், ரோமாக்கள். பிரெஞ்சுக்காரர்கள் காய்கனிக் கலவைக்கு 'மாசெதுவான்' என்று பெயர் வைத்ததே இந்தக் கலவையைப் பார்த்துத்தான் என்று பொதுவாகச் சொல்வதுண்டு.

என் ஆய்வு இங்கேதான் தொடங்குகிறது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஒட்டோமான் அரசு மக்களை மொழியால் பிரிக்கவில்லை, மதத்தால் பிரித்தது. ஒரு ஸ்லாவியக் குடியானவனை "நீ யார்?" என்றால் "கிறிஸ்தவன்" என்பான், இன்னும் கேட்டால் ஊர்ப் பெயரைச் சொல்வான். 1870ல் பல்கேரியத் திருச்சபைக்குத் தனி அங்கீகாரம் கிடைத்ததும் நிலைமை தலைகீழானது. கிரேக்கத் தலைமைச் சபையா, பல்கேரியச் சபையா என்று ஒவ்வொரு கிராமமும் தேர்வு செய்ய வேண்டியதாயிற்று. எந்தக் கோயிலோ அந்தப் பள்ளிக்கூடம். எந்தப் பள்ளிக்கூடமோ அந்த இனம். ஒரே வீட்டு அண்ணன் தம்பிகள் ஒருவன் கிரேக்கன், ஒருவன் பல்கேரியன், ஒருவன் செர்பியன் என்று ஆன கதைகள் அந்தக் காலத்துப் பதிவுகளில் நிறைய. பத்து லட்சம் பிராங்க் கொடுத்தால் மாசிடோனியா முழுவதையும் பிரெஞ்சுக்காரர் ஆக்கிக் காட்டுகிறேன் என்று ஒரு பிரெஞ்சு கான்சல் சொன்னதை ஓர் ஆங்கிலப் பத்திரிகையாளர் எழுதி வைத்திருக்கிறார். கிண்டல்தான், ஆனால் விஷயம் தெரிந்தவரின் கிண்டல்.

இந்த இழுபறிக்குள்தான் 'மாசிடோனியர்' என்பது ஓர் இனப் பெயராக மெல்ல முளைக்கிறது. 1893ல் தெசலோனிக்கியில் ஒரு ரகசியப் புரட்சி இயக்கம் தொடங்குகிறது. 1903 ஆகஸ்ட் 2, இலிந்தென் எனப்படும் எலியா திருநாளன்று கிளர்ச்சி வெடிக்கிறது. குருஷெவோ என்ற மலை ஊரில் சில நாட்கள் குடியரசு நடக்கிறது. பிறகு ஒட்டோமான் படை வந்து எரிக்கிறது. அதே வருடம் கிர்ஸ்தே மிசிர்கோவ் என்பவர் சோஃபியாவில் ஒரு சிறு நூல் வெளியிட்டு, நாம் பல்கேரியரும் அல்ல, செர்பியரும் அல்ல, நமக்கென்று தனி எழுத்து மொழி வேண்டும் என்கிறார். வடக்கு மாசிடோனியாவின் தலைநகரான ஸ்கோப்யேவில் அவரைக் கொண்டாடுவார்கள். பின்னாளில் அவரே தன்னைப் பல்கேரியராக வைத்தும் எழுதினார் என்பதைச் சொல்ல மாட்டார்கள். புரட்சித் தலைவர்களில் பெரும்பாலோரும் தம்மைப் பல்கேரியர் என்றே அழைத்துக்கொண்டவர்கள். அந்தத் தலைவர்களில் ஒருவரான கோத்சே தெல்செவ் இன்றுவரை பல்கேரியா, வடக்கு மாசிடோனியா என்ற இரண்டு நாடுகளின் தேசிய வீரர். பிறந்த ஊர் கிரேக்கத்தில் இருக்கிறது, எலும்புகள் ஸ்கோப்யேவில் இருக்கின்றன.

ஒட்டோமான்களிடமிருந்து போரில் கைப்பற்றிய நிலத்தை 1913ல் புக்கரெஸ்ட் ஒப்பந்தம் கிரேக்கம், செர்பியா, பல்கேரியா ஆகியவற்றுக்குப் பங்கு போட்டது. அந்த வருடக் கிரேக்கக் கணக்கெடுப்பில் தெசலோனிக்கியின் மிகப் பெரிய சமூகம் கிரேக்கரே அல்ல, யூதர்கள்: சுமார் 61,000 பேர். கிரேக்கர் ஏறத்தாழ 40,000. பத்து வருடத்தில் எல்லாம் மாறியது. 1923 லோசான் உடன்படிக்கைப்படி முஸ்லிம்கள் துருக்கிக்கு அனுப்பப்பட்டார்கள். அனத்தோலியாவிலிருந்தும் கருங்கடல் கரையிலிருந்தும் வந்த சுமார் 12 லட்சம் ஆர்த்தடாக்ஸ் அகதிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் கிரேக்க மாசிடோனியாவில் குடியேறினார்கள். ஆகவே இன்று "மாசிடோனியா கிரேக்கமே" என்று கொடி பிடிக்கும் குடும்பங்களில் பலவற்றின் தாத்தா பாட்டி அந்த மண்ணில் பிறந்தவர்கள் அல்ல. இதை இளக்காரமாகச் சொல்லவில்லை. வீடு வாசல் இழந்து வந்தவர்களுக்குப் புது மண்ணின் பெயர் இன்னும் அழுத்தமாக ஒட்டிக்கொள்ளும்.

அங்கே எஞ்சிய ஸ்லாவிய மொழிக்காரர்களின் கதை கசப்பானது. 1920களில் ஊர்ப் பெயர்கள் கிரேக்கமாக மாற்றப்பட்டன. 1936க்குப் பிறகு மெத்தாக்சாஸ் சர்வாதிகாரத்தில் அந்த மொழியைப் பேசுவதே தண்டனைக்குரியது ஆனது. 1946–49 உள்நாட்டுப் போரில் அவர்களில் பலர் கம்யூனிஸ்ட் பக்கம் நின்றார்கள், தோற்றார்கள், எல்லை தாண்டினார்கள். இரு மொழிக் குடும்பங்களிலிருந்தும் சுமார் 28,000 குழந்தைகள் கிழக்கு ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1982ல் கிரேக்க அரசு அகதிகளைத் திரும்ப அழைத்தபோது 'கிரேக்க வம்சத்தவர் மட்டும்' என்று ஒரு வரி சேர்த்தது. 2009ல் ஃபுளோரினா பக்கம் போயிருந்தபோது ஒரு காபிக் கடையில் பெரியவர் ஒருவரிடம் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று கேட்டேன். 'நாஷே' என்றார். 'நம்முடையது' என்று அர்த்தம். உங்கள் ஆட்களை என்னவென்று சொல்வீர்கள் என்றேன். 'டோப்பி' என்றார், அதாவது உள்ளூர்க்காரர். பல்கேரியன், மாசிடோனியன், கிரேக்கன் என்ற எந்தச் சொல்லையும் அவர் வாயில் எடுக்கவில்லை. எடுத்தால் என்ன ஆகும் என்று அவருடைய தலைமுறைக்குத் தெரியும்.

எல்லைக்கு அந்தப் பக்கம், செர்பியா இதே மக்களை 'தென் செர்பியர்' என்றது. 1944 ஆகஸ்ட் 2 அன்று, இலிந்தென் நாளைப் பார்த்து, கம்யூனிஸ்ட் தலைவர் டிட்டோவின் யுகோஸ்லாவியக் கூட்டாட்சிக்குள் மாசிடோனியக் குடியரசு அறிவிக்கப்பட்டது. 1945ல் மொழிக்கு எழுத்தும் இலக்கணமும் வரையறுத்தார்கள். "இது டிட்டோ செய்த செயற்கை இனம்" என்பார் உங்கள் கிரேக்க நண்பர். பாதி உண்மை. கிரேக்க மாசிடோனியாவின் மீதும் கண் வைத்துத்தான் யுகோஸ்லாவியா அதை ஊக்குவித்தது. கிரேக்கர்களின் பயம் கற்பனை அல்ல. ஆனால் மிசிர்கோவ் எழுதும்போது டிட்டோவுக்கு வயது பதினொன்று. இனங்கள் எல்லாமே ஏதோ ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்திலும் அச்சகத்திலும் உருவானவைதான். தாமதமாக உருவானது என்பதால் பொய் ஆகிவிடாது. மூன்று தலைமுறை அந்தப் பெயரில் படித்து, கல்யாணம் செய்து, செத்திருக்கிறது. நம் ஊர் நில வழக்கு பாஷையில், கிரேக்கர் கையில் பழைய பத்திரம் இருக்கிறது. ஸ்லாவியர் கையில் அனுபவ பாத்தியம் இருக்கிறது.

1991ல் யுகோஸ்லாவியா உடைந்து ஸ்கோப்யே தனி நாடானதும் வழக்கு உலகத்துக்குத் தெரிந்தது. கிரேக்க மாசிடோனியாவின் வெர்கினாவில், பண்டை மாசிடோனிய அரச கல்லறையில் 1977ல் கண்டெடுத்த பதினாறு கதிர்ச் சூரியனைப் புது நாடு கொடியில் போட்டது கிரேக்கர்களை வெறியேற்றியது. 1993ல் ஐ.நா.வில் 'முன்னாள் யுகோஸ்லாவிய மாசிடோனியக் குடியரசு' என்ற தற்காலிகப் பெயரில் இடம் கிடைத்தது. ஆங்கில அகரவரிசையில் எம்மிலும் போடாமல், எஃப்பிலும் போடாமல், 'தி' என்ற சுட்டுச் சொல்லை வைத்துத் தாய்லாந்து பக்கத்தில் உட்கார வைத்தார்கள். 1994ல் கிரேக்கப் பொருளாதாரத் தடை. 1995ல் இடைக்கால ஒப்பந்தம், கொடி மாற்றம். அந்த நாட்டின் முதல் அதிபர் கிரோ கிளிகோரோவ், நாங்கள் ஸ்லாவியர்கள், அலெக்சாண்டரின் வாரிசுகள் அல்ல என்று வெளிப்படையாகச் சொன்னவர். பின்னால் வந்த அரசுக்கு அந்த நிதானம் இல்லை. விமான நிலையத்துக்கு அலெக்சாண்டர் பெயர் வைத்தது. தலைநகரின் நடுவில் குதிரை மேல் பிரம்மாண்டமாக ஒரு வீரனை நிறுத்தியது. என் பார்வையில் அது அவர்கள் செய்த பெரிய தவறு. 1903ன் சொந்தக் கதை கையில் இருக்கும்போது இரவல் நகையை ஏன் போட வேண்டும்? கிரேக்கமும் சளைத்ததல்ல. 2008ல் அவர்களை நேட்டோவில் சேரவிடாமல் தடுத்தது, 2011ல் சர்வதேச நீதிமன்றம் அது ஒப்பந்த மீறல் என்று 15க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

2018 ஜூன் 17 அன்று பிரெஸ்பா ஏரிக் கரையில் கையெழுத்தான ஒப்பந்தம் நாட்டின் பெயரை வடக்கு மாசிடோனியா ஆக்கியது. ஆனால் மக்களின் தேசியம் 'மாசிடோனியர்' என்றும், மொழி 'மாசிடோனியம்' என்றும் தொடர விட்டது. அதன் ஏழாவது பிரிவுதான் உங்கள் கேள்விக்கு மிக அருகில் வருகிறது. மாசிடோனியா, மாசிடோனியர் என்ற சொற்களுக்கு இரு தரப்பிலும் வெவ்வேறு வரலாற்றுப் பொருள் உண்டு, வடக்கின் மொழியும் பண்பாடும் பண்டைக் கிரேக்க நாகரிகத்தோடு தொடர்புடையவை அல்ல என்று இருவரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு ஊரிலும் இதற்குத் துரோகம் என்று பெயர். வடக்கு மாசிடோனியாவில் நடந்த பொது வாக்கெடுப்பில் 37 சதவீதம் பேர்தான் வாக்களித்தார்கள். 300 பேர் கொண்ட கிரேக்க நாடாளுமன்றத்தில் 153 வாக்குகளில் தப்பித்தது. இரு பக்கமும் இவ்வளவு திட்டு வாங்கிய ஒப்பந்தம் நியாயமாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். 2020ல் நாடு நேட்டோவில் சேர்ந்தது. அதே வருடம் பல்கேரியா, உங்கள் மொழி எங்கள் மொழியின் வட்டார வழக்கு என்று சொல்லி ஐரோப்பிய ஒன்றியக் கதவைச் சாத்தியது. அது இன்னொரு நீண்ட பதிலுக்கான கதை.

இனி உங்கள் அலுவலகம். அந்த இருவரும் அவரவர் மொழியில் ஒரே சொல்லைச் சொல்வதில்லை. கிரேக்கர் 'மாகெதோனாஸ்' என்பார். தமிழ்நாட்டில் ஒருவர் "நான் கொங்கு" என்பது போல, கிரேக்கருக்குள் ஒரு வட்டாரத்துக்காரர் என்று பொருள். மற்றவர் 'மாகெடோனெட்ஸ்' என்பார். அவருக்கு அதுதான் முழு இனப் பெயர், அதை எடுத்துவிட்டால் வேறு பெயர் இல்லை. ஆங்கிலத்துக்கு வந்ததும் இரண்டும் ஒன்றாகி மோதிக்கொள்கின்றன. ஸ்லாவிய நண்பரை 'ஸ்கோப்பியன்' என்றோ 'ஸ்லாவ் மாசிடோனியன்' என்றோ அழைக்காதீர்கள். 1994ல் ஆஸ்திரேலிய அரசு இரண்டாவது பெயரைத் திணித்தபோது பட்ட காயம் அந்தச் சமூகத்தில் இன்னும் ஆறவில்லை. கிரேக்க நண்பரிடம் அலெக்சாண்டரை விட்டுக்கொடுக்கச் சொல்லாதீர்கள். அதில் அவர் சொல்வதுதான் சரி. எப்போதாவது தேநீர் வேளையில் தாத்தாவின் ஊர் எது என்று தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். மெல்பர்னில் இரு சமூகத்திலும் ஒரே பள்ளத்தாக்கிலிருந்து வந்தவர்கள் அதிகம். ஒருவர் ஃபுளோரினா என்று சொல்லி, மற்றவர் லேரின் என்று சொன்னால், வரைபடத்தில் தேட வேண்டாம். இரண்டும் ஒரே ஊர்.